நாலாவது கால்

சின்னச் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு அரசாங்க ஆர்டர் வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் டெண்டரக்கா. அந்தத் தொழில் உதவி மையத்தில் அவள் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவருக்கும் ஒரு டெண்டரும் கிடைத்ததில்லை, அது வேறு விஷயம். துடைப்பம் கட்டுகிறவரின் டெண்டர் கவரில் முத்திரை சாய்ந்திருக்கிறது என்று கொள்முதல் ஆபீஸில் தள்ளினார்கள். தலையணை தைக்கிற பெண்ணின் கவரில் பசை அதிகம் என்று தள்ளினார்கள். சோப்புக்காரருடையதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டதற்கு, தள்ளியாகிவிட்டது என்றார்கள். "போனாப் போகுது, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அவர்களைத் தேற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

தச்சர் விஷயத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பட்டறையில் வேலை படுத்துவிட்டது. மரம் இழைக்கிற மெஷினை விற்றுவிட்டு எங்காவது கூலிக்குப் போவதென்று தச்சர் முடிவே செய்துவிட்டார். வாங்க வந்த ஆள் மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் போய்க் குறுக்கே நின்றாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு இருநூறு ஸ்டூல் கேட்டிருக்காங்க. இது ஒண்ணைப் பாத்துட்டு அப்புறம் வித்துக்கங்க."

வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். தச்சரின் மனைவி இவளை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "என் கொழுந்தனும் ரெண்டு ஆளும் இந்தப் பட்டறைய நம்பி இருக்காங்க. நாங்க உங்கள நம்பி இருக்கோம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். டெண்டரக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டெண்டரில் ஸ்டூலுக்கு அளவு கொடுத்திருந்தார்கள். மூன்று கால்கள் நானூற்றைம்பது மில்லிமீட்டர். நாலாவது கால் நானூற்று நாற்பத்திரண்டு. அச்சுப்பிழையாக இருக்கும் என்று கொள்முதல் அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

"பிழையா? நானே டேப் வச்சு அளந்தது" என்றார் அவர், அறையின் வாசல் பக்கம் கிடந்த பழைய ஸ்டூலைக் காட்டி. "நாலு காலையும் தனித்தனியா அளக்கணும்னு விதி. அளந்தேன். இருந்ததை எழுதினேன்."

"ஆடாதா சார்?"

"உக்காந்து பாருங்க."

உட்கார்ந்து பார்த்தாள். ஆடாமல் அசையாமல் நின்றது. அதிகாரியிடம் இரண்டாவது கேள்வி கேட்கக் கூடாது என்பது அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"ஆடுற ஸ்டூல என் கையால செய்ய மாட்டேன், தங்கச்சி" என்றார் தச்சர். "ஊரு சிரிக்கும்."

"இப்ப மட்டும் ஊரு உங்களப் பல்லக்குல வச்சுத் தூக்கிட்டுப் போகுதாக்கும்" என்றாள் மனைவி. "அவங்க கேட்டபடி செஞ்சு குடுங்க."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தச்சர் மாதிரிக்கு ஒரு ஸ்டூல் செய்தார். செய்து முடித்ததும் யார் கண்ணிலும் படாமல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்தார்.

அதிகாரியின் அறையில் பீரோவும் ஃபைலும் போக மிச்சமிருந்த இடம் வாசல் பக்கம் மட்டும். வந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக அங்கே வைத்துச் சோதித்தார்கள். பெரிய கம்பெனிகள் டெண்டரை முழுதாகப் படித்த மாதிரி தெரியவில்லை. எல்லாக் காலையும் சமமாக வைத்து அனுப்பியிருந்தன. அத்தனையும் டக் டக்கென்று ஆடின. தச்சருடையது மட்டும் கம்மென்று நின்றது. விலையும் ஒத்துவந்தது. ஆர்டர் கிடைத்தேவிட்டது.

கடவுள் இத்தனை நாள் கழித்துக் கண் திறந்தார் என்று டெண்டரக்கா கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். தச்சரோ குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எப்போதோ சிமெண்டைக் கொட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் உப்பி நின்றது. பழைய ஸ்டூலின் காலை யாரோ அந்த மேட்டுக்குத் தகுந்தபடி வெட்டியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, இந்தத் தரை..."

"வெளிய போய்ப் பேசிக்கலாம்ணே" என்றாள். வெளியே போயும் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

சரக்கு வந்து இறங்கிய அன்று அதிகாரி ஒரு ஸ்டூலை எடுத்து வாசல் பக்கம் போட்டு உட்கார்ந்தார். டக் என்றது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் டக் என்றது. டெண்டரக்கா தச்சர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"எல்லாக் காலும் சமமா வச்சிட்டேன்" என்றார் தச்சர், மெதுவாக. "ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாத்தேன். அங்க தரை வழுவழுன்னு சமமா இருக்கு. உடம்பு சரியில்லாம வர்றவங்கள ஆட்டி விடவா சொல்றீங்க? அளவு ரெண்டு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்னு டெண்டர்ல நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க."

அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மைதான், எட்டு மில்லிமீட்டர் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டது. "அளவு சரி" என்றார். "ஆனா ஸ்டூல் ஆடக்கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு. ஆடுது. எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"தரைதான் கோணல் சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அதிகாரி பேனாவை மூடினார்.

டெண்டரக்காவுக்கு முதலில் தச்சர் மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு காலைக் குறைத்து வெட்டினால் குடியா முழுகிவிடும்? பிறகு, இவை திரும்பிப் போனால் நிஜமாகவே அந்தக் குடி முழுகிவிடும் என்பது உறைத்தது. மெஷினோடு பட்டறையும் போகும். விற்க இருந்தவரைத் தடுத்து இழுத்து வந்தவள் இவள். அவர் செய்தது சரி என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

விறுவிறுவென்று போய் அதிகாரியின் பழைய ஸ்டூலைத் தூக்கினாள். தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். கையில் கவரோடு வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"இதுல கொஞ்சம் உக்காருங்க சார்."

என்ன நினைத்தாரோ, வந்து உட்கார்ந்தார். டக். நகர்ந்து உட்கார்ந்தார். டக்.

"இப்ப இதுல" என்று தச்சர் செய்த ஒன்றைப் போட்டாள். உட்கார்ந்தார். சத்தமில்லை. இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு நின்றது.

"கூடம் கோணல்தான் சார்" என்றாள். வரிசையின் கடைசிவரை கேட்டது.

அதிகாரி குனிந்து ஸ்டூலின் காலைத் தடவிப் பார்த்தார். "தரையைப் பத்தி என்னால எழுத முடியாது. அது கட்டட இலாகா" என்றார்.

"எழுத வேண்டாம் சார். தாழ்வாரமும் உங்க ஆபீஸ்தானே."

அவர் தாழ்வாரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே காகிதத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் துடைத்தார்.

காகிதத்தை நீட்டிய அதிகாரி, டெண்டரக்கா ஒரு முனையைப் பிடித்த பிறகும் மறு முனையை விடவில்லை.

"இனிமே உங்க மையத்துலருந்து வர்ற கவரை ரெண்டு தடவை பாப்பேன்மா."

மிரட்டல்தான். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது புரிந்தது.

"பாருங்க சார்" என்றாள் டெண்டரக்கா. "இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பாக்கலையே."

அவர் காகிதத்தை விட்டார்.