இன்று செல்லுபடியாகும் குறியீடுகள்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. தம்பி மகளுக்குக் கார் கட்டும் விளையாட்டு ஒன்றில் பைத்தியம். உடைசல் பாகங்களைக் கோத்து ஒரு கார் செய்ய வேண்டும், அதை மேடு பள்ளத்தில் ஓட்டி எவ்வளவு தூரம் போய்ச் சிதறுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நிறுவனம் அவ்வப்போது எட்டெழுத்தில் பரிசுக் குறியீடு வெளியிடும். அதைப் பெட்டியில் தட்டினால் ஒரு சக்கரமோ ஹாரனோ இலவசம்.

"அத்தை, சும்மாதானே இருக்கே, கோட் தேடிக் குடேன்" என்றாள். நான் சும்மா இல்லை, ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டுரையை விட்டு ஓட எனக்கு ஒரு சாக்குதான் வேண்டும். தேடியதில் ஒரு பட்டியல் கிடைத்தது. அதன் கீழே ஏதோ ஒரு குழந்தை எழுதியிருந்தது: 'மூணாவது கோட் வேலை செய்யுது. கதவு வந்துச்சு. ஆனா கண்ணாடியில உள்பக்கமா யாரோ கை வெச்ச தடம் இருக்கு.'

மறுநாள் பார்த்தேன். அந்த வரி இல்லை. கட்டுரையும் எழுதவில்லை.

2

தொடக்கங்கள்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் — வேண்டாம். மழை பெய்தாலே பேய் வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு அந்த வேலை துளியும் பிடிக்கவில்லை, ஏனென்றால் — பொய். பிடித்துத்தான் இருந்தது.

சரி, நேராகவே சொல்கிறேன். அவள் பட்டியல்காரி. ஓர் இணையதளத்துக்காக எட்டு விளையாட்டுகளின் பரிசுக் குறியீடுகளைத் தொகுப்பவள். காலையில் வீட்டு முன்னறைக் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். வேலை செய்வது மேலே, செத்துப்போனது கீழே. கார் விளையாட்டை மட்டும் அக்கா மகளின் கணக்கில் சோதிப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு.

வாண்டின் அம்மா, அதாவது பட்டியல்காரியின் அக்கா, ஆறு வருடங்களுக்கு முன் "டயருக்குக் காத்து அடிச்சிட்டு வந்துடறேன், இவளைப் பாத்துக்கோ" என்று மூன்று வயதுக் குழந்தையை இவள் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனாள். பட்டப்பகல். அரைமணி நேர வேலை. அக்காவும் வரவில்லை, அந்த நீலக் காரும் கிடைக்கவில்லை. போலீஸ் தேடிக் களைத்தது. குழந்தை மட்டும் இவளிடமே நின்றுவிட்டது.

[இங்கே போட்டிப் பட்டியல்காரன் ஒருவன் வந்தான். சுவாரசியமான ஆள், நன்றாகப் பேசுவான். பயத்தைக் குறைக்கிறான் என்பதால் நீக்கிவிட்டேன். அவனுடைய தளம் மட்டும் இருக்கட்டும்.]

3

போட்டித் தளம் இவளுடைய பட்டியலைப் பத்தே நிமிடத்தில் ஈயடிச்சான் காப்பி அடித்தது. கையும் களவுமாகப் பிடிக்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு: இல்லாத குறியீடு ஒன்றைப் பட்டியலில் நுழைத்துவிடுவது. அது அங்கேயும் முளைத்தால் திருடன் அகப்பட்டான். அவளும் எட்டெழுத்து யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூட அதிகம். விரல்களே தட்டிவிட்டன. தட்டி முடித்த பிறகுதான் பார்த்தாள், அக்காவின் கார் எண்ணில் கடைசி எட்டு.

அழிக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டாள்.

மத்தியானத்துக்குள் கீழே குழந்தைகள் எழுத ஆரம்பித்தார்கள். 'சூப்பர்! நீலக் கதவு வந்துச்சு.' 'எனக்கும். ஆனா கண்ணாடி பாதியில நிக்குது, இறங்க மாட்டேங்குது.'

அக்கா காரின் வலப்பக்கக் கண்ணாடி ஒருநாளும் முழுதாக இறங்கியதில்லை. பட்டியல்காரி விளையாட்டைத் திறந்தாள். வாண்டின் கணக்கில் தானே தட்டிப் பார்த்தாள். பொய்யான குறியீட்டுக்கு 'தவறு' என்று வர வேண்டும். பழையது என்றால் 'காலாவதி'. வந்தது மூன்றாவது பதில்: 'இதை நீங்கள் ஏற்கெனவே பெற்றுக்கொண்டீர்கள்.'

நாலு மணிக்கு வாண்டு பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"இந்த நீலக் கதவுக்கு நீ கோட் போட்டியா?"

"இல்லையே சித்தி. அது முதல்லேருந்தே என் கராஜ்ல கிடக்கு. மீதி பாகம்தான் வரல."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கதையில் ஒரு குறியீட்டைக்கூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? முதல் வரைவில் எழுதினேன், கற்பனையாகத்தான். தம்பி மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, தட்டிப் பார்க்கப் போனாள். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். அவளுக்கு என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை.)

4

புத்தியுள்ளவளாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பாள். நிறுத்தச் சொல்லி நானும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆறு வருடமாக ஒரு தகவலும் இல்லாத அக்கா, கதவளவுக்காவது வந்திருக்கிறாளே! அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

வாரம் ஒன்றாகப் பட்டியலில் நுழைத்தாள். அக்காவின் பிறந்த நாள். அக்காவின் பழைய தொலைபேசி எண்ணில் கடைசி எட்டு. கல்யாண நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகம் வந்தது. கோணல் வைப்பர், சுவரில் இடித்து நசுங்கிய பம்பர். மற்ற குழந்தைகள் அதையெல்லாம் ஓட்டி உடைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்கள். வாண்டு மட்டும் உடைக்காமல் கோத்துக்கொண்டே வந்தாள்.

பதினொன்றாம் பாகம் வந்த அன்று கார் தானே உறுமத் தொடங்கியது. பட்டியல்காரி குனிந்து திரையைப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கை அக்காவின் குட்டைக் கால்களுக்கு ஏற்ப முன்னால் தள்ளியிருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. உள்கண்ணாடி பின்சீட்டைப் பார்த்துத் திருப்பியிருந்தது. பின்சீட்டில் குழந்தை இருக்கை. அன்று காரோடு போனது மூன்று வயதுக் குழந்தைக்கானது. இது பெரியது, தலை சாய்க்கும் பகுதியை நன்றாக உயர்த்தி வைத்திருந்தார்கள்.

"என் சைஸ் சித்தி" என்றாள் வாண்டு.

பாகங்கள் வைக்கும் கட்டங்களில் பன்னிரண்டாவது மட்டும் காலி. அதன் கீழே 'பயணி' என்று எழுதியிருந்தது.

5

தப்பிக்கும் வழிகளைத் தேடினேன்.

அ) அக்கா அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாள், பாகங்களை அனுப்புவது அவள்தான். நாலு பக்கம் எழுதினேன். ஆறு வருடம் ஒளிந்திருந்து குழந்தைக்குக் கதவும் பம்பரும் அனுப்புகிற அம்மாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க முடியாதவளை எனக்கு எழுதவும் வராது.

ஆ) எல்லாம் வாண்டின் கைங்கரியம். பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாள், குழந்தைகள் பெயரில் அவளே எழுதினாள். இது உங்கள் காதில் பூச்சுற்றும் வேலை.

இ) பட்டியல்காரி விளையாட்டையே அழித்துவிடுகிறாள். அழித்தாள். மறுநாள் கணினியைத் திறந்தால் கார் உறுமிக்கொண்டே நிற்கிறது.

6

ஆகவே இந்த இடம். மாலை நாலரை மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். பட்டியல்காரி இனி ஒரு குறியீடும் போடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அக்காவின் வாழ்க்கையில் இன்னும் பயன்படுத்தாத எட்டு இலக்கம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அது வாண்டு பிறந்த தேதி.

"கடைசிக் கோட் என்ன சித்தி?"

"தெரியாதும்மா." அவளிடம் இவள் சொன்ன முதல் பொய்.

"சரி, நானே யோசிக்கிறேன்." ஒன்பது வயதுப் பெண் எட்டு இலக்கம் யோசித்தால் வேறு எதை யோசிப்பாள்? நாள். மாதம். வருடத்தின் முதல் மூன்று. பட்டியல்காரி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பேயிடம் பயமில்லை. அது அக்காதான் என்றால், அம்மாவிடம் போகிற பிள்ளையைத் தடுக்கத் தான் யார் என்ற பயம். அக்கா இல்லை என்றால், பிள்ளையை எதனிடம் அனுப்புகிறோம் என்ற பயம். இரண்டுக்கும் அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த வீட்டில் இனி தனியாக இருக்க முடியாது என்கிற பயம்.

"விடு சித்தி, வலிக்குது."

"வாண்டு, வேண்டாம்டா."

குழந்தை திரையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். "நான் போனா நீ அழுவியா?"

சித்தியின் பதிலை இரண்டு விதமாக எழுதினேன். 'ஆமாம்' என்றபோது வாண்டு கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் பக்கத்திலும் அவள் சிரிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதிய தாளில், அடுத்த பத்தியிலிருந்து முன்னறையில் ஒருத்திதான் இருந்தாள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

மணிக்கட்டு இன்னும் சித்தியின் கையில்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட குழந்தை பதிலுக்காக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.