பெட்டிக்கு ஒரு நாள் லீவு

அந்தப் பெட்டியைப் பார்த்தாலே தாரணிக்கு வயிறு எரிந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா என்று அளந்து சொல்லும் சின்னப் பெட்டி. கால் மணிக்கு ஒரு முறை விழித்து அளந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் அதன் புரோசசர் ஆழ்ந்து தூங்க வேண்டும். தூங்கினால் ஒரு பேட்டரி ஒரு மாதம் வரும். வேலையில்லாத நேரத்தில் எவ்வளவு ஆழமாகத் தூங்குவது என்று முடிவு செய்யும் பகுதியைப் பெட்டியின் இயங்குதளத்துக்குள் எழுதியவளே அவள்தான். பேட்டரியோ இரண்டே நாளில் படுத்துவிடும்.

தெங்கேராவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் அது. முதலாளி சுகுமாரன் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டே. விஜயதசமியன்று மத்தியானம் ஜாசினிலிருந்து தோட்ட மேனேஜர் வருகிறார். அதற்குள் பேட்டரி தாக்குப்பிடிக்காவிட்டால் தாரணி எழுதியதைத் தூக்கிவிட்டு, வெளியில் விற்பதை வாங்கிப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். எட்டு மாத உழைப்பு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர் போட்டு, அது தூங்குகிறதா என்று கேட்கும் சிறு நிரல் ஒன்றையும் ஓடவிட்டிருந்தாள். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு ஒரு கேள்வி. பயம் வந்ததும் நொடிக்கு ஒன்று. போன வாரம் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். அதற்குள் பயம் முற்றி, கேள்வி நொடிக்கு நூறாகியிருந்தது. பதில் மட்டும் மாறவில்லை. அரைத்தூக்கம், அரைத்தூக்கம் என்றே வந்துகொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்தது. சுகுமாரனின் மனைவி கோமளா சந்தனமும் குங்குமமுமாகக் காலையிலேயே வந்து இறங்கினாள். அந்த ஆபீஸில் அன்று உழைக்கிற சாமான் அத்தனையையும் துடைத்துப் பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் காலை விளக்கேற்றும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. பெட்டியை மட்டும் விட்டுவிடச் சொல்லித் தாரணி கெஞ்சிப் பார்த்தாள். இருப்பதே இந்த ஒரு நாள்தான் என்றும் சொன்னாள்.

"அதுவும் உழைக்கிற சாமான்தானே? ஒரு நாள் லீவு குடுலா," என்று கோமளா தானே வயரைப் பிடுங்கிப் பெட்டியின் தலையில் சந்தனத்தை அப்பினாள். அணைக்க மனம் வராமல், புது பேட்டரியைப் போட்டு ஓடவிட்டே படத்தின் முன் வைத்தாள் தாரணி. சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விளக்கேற்றி முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பேட்டரி தொண்ணூற்றேழு சதவீதம். நம்பாமல் மீட்டரை வைத்து அளந்தாள். மீட்டரும் அதையேதான் சொன்னது. தூங்கிய நேரத்தைப் பெட்டி தானே குறித்து வைத்திருக்கும். அதை எடுத்துப் பார்த்தால், இருபது மணி நேரத்தில் அளந்த சில நிமிடங்கள் போக மீதியெல்லாம் ஆழ்ந்த தூக்கம். தாரணி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள், உடனே சிரித்தாள். எட்டு மாதமும் தப்பியது.

கோளாறு என்ன என்று சுகுமாரன் கேட்டார். ஏதாவது பெரிய பெயராகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு இருந்த நிம்மதியில் பொய் வரவில்லை.

"புரோகிராம் போன வாரமே சரியாயிருச்சுண்ணே. தூங்கிட்டியா, தூங்கிட்டியான்னு நான்தான் கேட்டுக் கேட்டு எழுப்பிக்கிட்டே இருந்திருக்கேன்."

அப்படியானால் அவள் எழுதியதே இருக்கட்டும் என்றும், முதலில் போய் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடு என்றும் சுகுமாரன் சொன்னார்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்போது இது தூங்குகிறதா என்று கேட்டார். தாரணியின் கை தானாக வயருக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"தூங்குது சார்," என்றாள், பார்க்காமலே.