விரல் கனத்துக்கு ஒரு வெட்டு

வெற்றிசெல்வன் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் கோழிக்கறிக் கடை போட்டு ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அவன் வேலையைப் பற்றி அவன் மனைவி பவானி ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அஜித்தின் கட்லெட்டைப் பற்றி இரண்டு மாதத்தில் எட்டு தடவை சொல்லிவிட்டாள். ஏழுதானோ என்று சந்தேகம் வந்து, ஒருநாள் விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான். எட்டுதான்.

அஜித் அவளோடு மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பவன். புதுச்சேரியில் ஏதோ ஓட்டல் சமையலறையில் இருந்தவன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். அவன் கொண்டுவருவது இத்தாலிக் கட்லெட். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மெல்லிய ஏடாகச் சீவித் தட்டி, மைதாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிப்பது.

"வாயில வச்சா கரையுது மாமா" என்பாள் பவானி.

இதில் கொடுமை, அந்தக் கறியை வாரா வாரம் சீவிக் கொடுப்பதே இவன்தான். இந்தச் சனிக்கிழமையும் காலையில் அஜித் வந்து நின்றான்.

"அண்ணா, வழக்கம்போல ஏடு மாதிரி போடுங்க."

வெற்றிசெல்வன் கத்தியைத் தீட்டினான். நார் ஓடும் வாக்கிலேயே, மெல்ல முடியாதபடி விரல் கனத்துக்கு வெட்டினான். சட்டென்று கவரில் போட்டு முடிச்சுப் போட்டான்.

"இன்னாண்ணா, கனமா கீது?"

"கோழி பெருசுப்பா."

அஜித் போன பிறகு நல்ல நெஞ்சுக்கறியாக ஆறு ஏடு சீவினான். பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அதை வீட்டுக்கு எடுத்து வைத்தான். இன்று அவள் வகுப்பிலிருந்து வரும்போது தட்டில் கட்லெட் இருக்க வேண்டும். ஒன்பதாவது பாராட்டு தனக்கு விழ வேண்டும்.

மாலையில் பவானி கிளம்பியதும் செல்போனில் கட்லெட் செய்யும் வீடியோவை மூன்று முறை பார்த்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாகக் குறித்துக்கொண்டான். சப்பாத்திக் கட்டையால் தட்டினான். பிறகு, கறி என்றால் எப்போதும் செய்வதுபோல மஞ்சள்தூள் போட்டு அலசினான். ஈரத்தோடு மாவில் போட்டதும் மாவு கூழாயிற்று. எண்ணெயில் விட்டதும் மேல்மாவு மொத்தமும் சட்டையைக் கழற்றியதுபோலத் தனியே மிதந்தது. முதல் கட்லெட்டைத் தானே தின்றான். இரண்டாவதும் அப்படியே ஆனது, அதையும் தின்றான். நான்காம் முறை வீடியோ பார்த்தபோதுதான் அந்த ஆள் கறியைத் தாளால் ஒற்றி எடுப்பது கண்ணில் பட்டது. துவைத்த துண்டை எடுத்து மிச்சமிருந்த நாலையும் ஈரம் போக ஒற்றினான். நாலும் பொன்னிறமாக வந்தன. எலுமிச்சையை நறுக்கி ஓரத்தில் வைத்தான்.

பவானி வந்ததும் பையைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"இன்னா, அஜித்து கட்லெட்டு எப்படி?" என்றான்.

"அத்த ஏன் கேக்கறே. மேல கருகி, உள்ள வேகவே இல்ல. செருப்பக் கடிச்ச மாதிரி. எல்லாரும் ஒரு வாயோட கீழ வச்சிட்டாங்க."

அவன் மனசு ஒரு குதி குதித்தது.

"பாவம், அஜித்து மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள்.

குதித்தது விழுந்தது. "பாவம் இன்னா பாவம்? செய்யத் தெரிலன்னா வுட வேண்டியதுதான?"

"செய்யத் தெரிஞ்சவன்தான். கறி தடியா இருந்தா அவன் இன்னா பண்ணுவான்? கூடப் படிக்கிற எழில்மதி எல்லார் எதிர்லயும் கேக்கறா, 'இன்னாடி, உங்க வூட்டுக்காரரு கை அவ்ளோதானா'ன்னு."

"நான் எங்க வந்தேன் நடுவுல?"

"அவன உன் கடைக்கு அனுப்புனதே நான்தான? எங்க வூட்டுக்காரரு வெட்டுக்குத்தான் இப்படி வருதுன்னு ரெண்டு மாசமா பீத்திக்கினு கீறேன். கட்லெட்டுன்னா அந்தக் கறிதான மாமா. மத்தது மாவும் முட்டையும்."

வெற்றிசெல்வன் மறுபடி விரல் மடக்கினான். எட்டு தடவையும் அவள் யாரைச் சொன்னாள்? தன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

அதற்குள் அவள் தட்டைப் பார்த்துவிட்டாள். ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிட்டுப் பார்த்தாள். தாள்போல இருந்தது.

"இது எப்போ வெட்டுனது?"

"காலையில."

"அவனுக்கு வெட்டுன அதே காலையிலயா?"

அவன் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். பவானி பிட்டதை வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டாள். தன் செல்போனில் எண்ணை அழுத்தி அவன் கையில் கொடுத்தாள்.

"நீயே பேசு."

மணி இரண்டு முறை அடித்தது. "அக்கா, வூட்டுக்குப் போய்ட்டீங்களா? சாப்ட்டீங்களா?" என்றது அஜித்தின் குரல்.

சாப்பிட்டாளா என்று கேட்க இவன் யார் என்று வெற்றிசெல்வனுக்குக் காது வரைக்கும் எரிந்தது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தான். பவானி இடுப்பில் கை வைத்து எதிரில் நின்றிருந்தாள்.

"அக்கா இல்லப்பா, கறிக்கட வெற்றிசெல்வன்" என்றான். "கோழி ஒண்ணும் பெருசு இல்ல. வேணும்னுதான் தடியா வெட்டுனேன்."