பர்மனென்ட் ஆனால்

வெண்மதி கடலூரில் ஒரு கல்லூரியில் தருக்கவியல் நடத்துகிறாள். நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அவள் விரும்பிய நெடுமாறன் சேத்தியாத்தோப்புக்காரன். மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்.

தை மாதம் அவன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "உனக்கு பர்மனென்ட் ஆனா பண்ணிக்கலாம்" என்றாள். ஆவணியில் பர்மனென்ட் ஆனவர்களின் பட்டியல் வந்தது. அவன் பெயர் அதில் இல்லை. அன்றிலிருந்து அவள் போனை அவன் எடுக்கவில்லை. வருத்தத்தில் இருக்கிறான், தானாகச் சரியாவான் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், மைன்ஸ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவனைப் பிடித்தாள். குஜராத்தில் ஒரு மின்நிலையத்தில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீதானே அன்றைக்கே முடிவைச் சொல்லிவிட்டாய் என்றான்.

"ஆனா பண்ணிக்கலாம்னுதான் சொன்னேன். ஆகலைன்னா மாட்டேன்னு எப்ப சொன்னேன்? அதுலேர்ந்து இது வராது."

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அவள் நடத்தும் பாடம் அது. அப்படி முடிவெடுத்து எழுதினால் மதிப்பெண் கிடையாது.

நெடுமாறன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பாடத்துல வராது. ஆனா நீ என்னைப் பாத்து சொன்ன. ஆனாலும் ஆவலைன்னாலும் ஒண்ணுன்னா அந்த வார்த்தை எதுக்கு? அதைப் புடிச்சிகினுதான் இத்தினி மாசமா ஓவர்டைம் பாத்தேன்."

அவளிடம் பதில் இருந்தது. விதி தவறில்லை. வாக்கியத்தின் அமைப்பைப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த வாக்கியம் இவனை உழைக்க வைத்திருந்தது, பிறகு ஊரைவிட்டே கிளப்பியிருந்தது. அது செய்த வேலையை ஒதுக்கிவிட்டு அதற்கென்று தனியாக ஓர் அர்த்தம் எங்கே இருக்கிறது? கான்ட்ராக்ட் வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க அப்பா பயப்படுவார், அவருக்காகத்தான் அப்படிச் சொன்னதாக அவள் நினைத்திருந்தாள். அந்தப் பயத்தில் தனக்கும் பங்கு இருந்தது என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

"நீ புரிஞ்சுகிட்டதுதான் நான் சொன்னது. இப்ப வேற சொல்றேன். கல்யாணம் பண்ணிக்கலாம்."

அவன் எழுந்து போய் டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு அவள் அப்பா சம்மதிப்பாரா என்று கேட்டான். தானே பேசுவதாகச் சொன்னாள்.

ஒப்புக்கொண்ட வேலை என்பதால் அவன் குஜராத் போனான். அப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த தையில் சேத்தியாத்தோப்பில் கல்யாணம் நடந்தது. வருவதாக அப்பா கடைசிவரை சொல்லவில்லை. வந்தார். பந்தியில் நெடுமாறனின் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நல்ல அரிசி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.