கயிறு பிடித்த துரை

கொல்லிமலையில், குண்டனி நாட்டுப் பலாமரம் ஒன்றில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை இங்கிலாந்தில் ஒரு துரையின் வாய்க்குள் இருந்தது. அவர் பெயர் பார்லோ. தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் காயர் என்று பெயர். அந்தச் சின்னச் சொல் எங்கே பிறந்தது என்று தேடி, வேறு வேலை இல்லாதவர்போல, 1907இல் கப்பலேறி வந்தார். மலையாளக் கரையில் கயறு என்றார்கள், சேலத்தில் கயிறு என்றார்கள். மலைமேல் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க, தேனெடுக்கும் செங்கோடனைத் தேடி மேலே வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியறுக்க எவனுக்கும் மனசு வராது. செங்கோடன் மனைவி கண்ணாயிக்கோ அண்ணன் தம்பி கிடையாது. மரத்தில் கொடியைக் கட்டித் தனியாக இறங்கியவன், கொடி அறுந்து, பாறை நடுவில் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். ஊரிலிருந்த மாட்டுக்கயிற்றையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்தும் எட்டவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு கண்ணாயி விளிம்பில் நின்று கதறினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

துரைக்கு விவரம் புரியவில்லை. அறுந்த கொடியைக் காட்டி, "காயர்?" என்று வாயைத் திறந்தார். நாக்கின்மேல் ஒரு கயிற்று நுனி தெரிந்தது. கண்ணாயி பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முதலில் கப்பல் தார் வாசம், பிறகு கடலுப்பு, பிறகு ஊறிய தேங்காய் மட்டை வாசம். நுனி செங்கோடன் கைக்கு எட்டியதும் துரை பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். செங்கோடன் ஏறி வந்தான். துரைக்கு ஒரு பல்கூட ஆடவில்லை.

"கயித்தப் புடிச்சவரு இனி எங்கூடப் பொறந்தவருங்க," என்றாள் கண்ணாயி. யாரும் மறுக்கவில்லை. பிள்ளை பிறந்து, தாய்மாமன் மடியில் காது குத்தியபோது பிள்ளையைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

மறுமுனை கடைசிவரை வரவில்லை. இந்த முனையைப் பலாமரத்தில் கட்டிவிட்டு, சேலம் ரயில், கப்பல் என்று வாயிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே ஊர் போனார். சாப்பிடும்போது கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாராம். ஆடிப் பதினெட்டுக்குக் கண்ணாயி ஒரு இழு இழுப்பாள். அங்கிருந்தும் ஒரு இழுப்பு வரும். ஜெர்மன்காரனோடு சண்டை நடந்தபோது ஒரு வருஷம் அந்த இழுப்பு வரவில்லை. உடன்பிறந்தவனுக்கு அழுகிறபடி அழுது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த ஆடிக்குக் கயிற்றைத் தொட அவளுக்கு மனசில்லை. அது தானாக அசைந்தது. வலுவில்லாத, பழக்கமில்லாத இழுப்பு.

"எம் பொறந்தவரு மவன், எம் மருமவனாட்ட இருக்குதுங்க," என்று எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"மெள்ள இழு புள்ள," என்றான் செங்கோடன். "பால்பல்லா இருக்கப்போவுது."