மூன்றாவது பறப்புக்கான கையெழுத்து

விழுப்புரத்துக்குத் தெற்கே, இரண்டாம் உலகப் போரின்போது போட்டுப் பிறகு கைவிட்ட ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பகுதியைச் செப்பனிட்டு, அந்தப் போர்க்காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை ஓர் அறக்கட்டளை மறுபடி பறக்க வைத்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம். அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் வளவனூர் சவுரிராயன். விமானப்படையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இந்த வேலை முடிய நான்கு வருஷமானது.

இனி உதிரிபாகம் கிடைக்காது என்ற நிலையில், மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் மூன்று தடவை பறந்துவிட்டு, விமானத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட முடிவானது. அனுமதியும் அந்த இரண்டு நாளுக்குத்தான். ஓட்டியவர் கோகுலகிருஷ்ணன். ஓய்வுபெற்ற விமானப்படை விமானி, திண்டிவனத்துக்காரர்.

சனிக்கிழமை முதல் பறப்பு. ஞாயிறு காலை இரண்டாவது. இறங்கியதும் சவுரிராயன் வழக்கம்போல ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினார். பொடிப்பொடியாக மின்னியது. பையிலிருந்த காந்தத்தைக் காட்டினார். பொடி துள்ளி ஒட்டிக்கொண்டது.

கோகுலகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒட்டுது பாருங்க சார். இரும்பு. உள்ள பேரிங் தேயுது."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"சொல்ல முடியாது சார். பத்து மணி நேரமும் தாங்கும், பத்து நிமிஷத்துலயும் போவும்."

கோகுலகிருஷ்ணன் துணியையே பார்த்தார்.

"திண்டிவனம் போய்த் திரும்ப அரை மணி நேரம்தான்யா. எங்கப்பாவ நாற்காலியோட மாடிக்குத் தூக்கினு போய் ஒக்கார வெச்சிருக்காங்க. எண்பத்தஞ்சு வயசு. ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன். நீயும் பின்னாடி ஏறிக்க. உன் கைப்பட்ட வண்டிதான?"

"வேணாம் சார். வெயிட்டு கம்மியா இருந்தா நல்லது."

சொன்னதும் சவுரிராயனுக்கே கூசியது. ஆனாலும் விமானம் பறக்கலாம் என்ற தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். குறை இருந்தால் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டார். கோகுலகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டிவிட்டு ஏறினார். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் கை தட்டியது.

பதினோராவது நிமிஷம் ரேடியோவில் குரல் வந்தது.

"சவுரி, ஆயில் பிரஷர் எறங்குது."

"கீழ எங்கனா எறக்கிருங்க சார்! ஜல்தி!"

"மயிலத்தாண்ட இருக்கேன்." கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு இரைச்சலும் இல்லை. "நின்னுபோச்சுய்யா."

அவ்வளவுதான்.

சவுரிராயன் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது மயிலம் ஏரிக்கரையில் புகை அடங்கியிருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை. பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. கூலிக்கு வந்திருந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் அம்சா என்பவள் எழுந்து வந்தாள்.

"சத்தமே இல்லாம வந்துச்சுங்க. இந்தக் கொல்லையிலதான் எறங்க வந்தாரு. நாங்க பதினாலு பேரு குனிஞ்சிக்கினு கெடந்தோம். எங்களப் பாத்துட்டு அப்படியே கரைப் பக்கம் திருப்பிட்டாருங்க."

கோகுலகிருஷ்ணனின் உடலை ஏற்றி அனுப்பிய பிறகு, அறக்கட்டளைச் செயலாளர் சீனுவாசன் சவுரிராயனை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"காலையில காந்தத்த வெச்சிப் பாத்தியே, அந்தத் துணி எங்க?"

"என்கிட்டதான் இருக்கு."

"ஏரியில வீசிடு. பழைய மெஷினு, நின்னுபோச்சு. எதுக்கு நமக்கு பேஜாரு?"

சவுரிராயன் துணியோடு அங்கிருந்து கிளம்பினார். நடந்தே மெயின்ரோட்டுக்கு வந்து திண்டிவனம் பஸ் ஏறினார்.

அங்கே வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோகுலகிருஷ்ணனின் அப்பா முத்துசாமியைக் கீழே இறக்கிக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மகள் கவிதா. சவுரிராயன் தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?" என்றார் முத்துசாமி.

"ஆமாங்க. அவருக்கும் தெரியும். ஆனா கையெழுத்து என்னுது. போடலன்னா வண்டி கெளம்பியிருக்காது."

"உன்ன ஏறச் சொன்னானா?"

"சொன்னாருங்க."

"ஏன் ஏறல?"

"பயமா இருந்துச்சுங்க."

கவிதா எழுந்தாள்.

"எனக்காகத்தான் போனான்னு அப்பா மதியத்திலேர்ந்து சொல்லிக்கினு கெடக்காரு. நீங்க வேற. எழுந்து போயிடுங்க."

அவர் எழுந்து போனார்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் துணியைக் கொடுத்து, அதே வார்த்தைகளில் சொன்னார். அவருடைய உரிமம் ரத்தானது. சீனுவாசன் எல்லாவற்றையும் மறுத்தார். உடைந்த விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது சவுரிராயன் வளவனூரில் பம்புசெட் மோட்டார்களைச் சரிசெய்கிறார். சரியாக ஓடும் மோட்டாரைக்கூட இரண்டு முறை பிரித்துப் பார்ப்பதால் வாடிக்கையாளர்கள் எரிச்சல்படுகிறார்கள்.

ஆடியில் முத்துசாமி இறந்த செய்தி வந்தது. சவுரிராயன் திண்டிவனம் போனார். வீட்டுக்குள் போகாமல் எதிர் மளிகைக் கடை ஓரம் நின்றார். வெளியே வந்த கவிதா அவரைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. பாடை கிளம்பியது. எல்லோரும் கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, சவுரிராயன் கடைசி ஆளாகச் சுடுகாடு வரை நடந்தார்.