பூவரச இலையில் வெள்ளி

1
இந்தக் கதை எனக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கிடைத்தது. கூட்ஸ் வண்டி நகராமல் நின்றது. பக்கத்தில் இரண்டு பெண்கள் பூவரச மரத்தை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டுக்கா?" என்றேன்.

"வெள்ளி செய்ய, சார்."

சொன்னவள் நவ்ரீன், ராயபுரத்துக்காரி, ஆராய்ச்சி மாணவி. மற்றவள் அவளுடைய தோஸ்து ஷாலு. கேட் திறந்ததும் நான் என் வழியே போகவில்லை. கெஞ்சிக் கேட்டு அவர்களோடு ஆய்வகத்துக்குப் போனேன்.

2
தொடக்கம் ஒன்று: 'நானோ என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாக…'
(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றை, வெள்ளி உப்புக் கரைசலில் நவ்ரீன் ஊற்றினாள். வெளிர்மஞ்சள். வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள். சற்றைக்கெல்லாம் தேன் நிறம். பிறகு டீ டிகாக்ஷன்!

"மாறிகினு கீது நவ்ரீ! மாறிகினு கீது!" ஷாலு குதித்தாள்.

அந்தப் பழுப்புதான் வெள்ளி, கண்ணுக்கே தெரியாத துகள்களாக. (அவ்வளவு பொடியானால் வெள்ளியின் நிறமே மாறிவிடுமாம். இதை எழுதும்போதும் கை பரபரக்கிறது.)

3
ஷாலுவின் அப்பா மண்ணாங்கட்டி, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். தகரம் கிழித்த கால், சர்க்கரை நோயால் ஆறவேயில்லை. விரலை எடுக்கவேண்டி வரலாம் என்றிருந்தார் டாக்டர். என் முதல் வரைவில் நவ்ரீன் அந்தத் திரவத்தைப் புண்ணில் ஊற்றினாள், புண் மாயமாக…

அடித்துவிட்டேன். அவள் ஊற்றவில்லை.

நடந்தது இதுதான். அவர் கட்டுத்துணியிலிருந்த கிருமியை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் பூசி, நடுவில் ஒரு சொட்டு விட்டு வளரவைத்தாள். மறுநாள் காலை போட்டோவோடும் திரவ பாட்டிலோடும் அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"பாரு மாமா! சொட்டு வுட்ட எடத்த சுத்தி ஒரு கிருமி இல்ல!"

அவர் காலை நீட்டினார். "அப்பறம் இன்னா? ஊத்து."

"தட்டுல கிருமி மட்டுந்தான் இருந்துச்சு மாமா. கால்ல நீயும் கீற. உனுக்கு இன்னா பண்ணும்னு இன்னும் தெரியாது."

ஷாலு சீறினாள்: "நைனாவுக்கு வெரலே போவப்போவுது. நீ சோதன பண்ணிகினு கீறியா?"

நவ்ரீன் அழுதாள். பாட்டிலைத் தரவில்லை. ஆட்டோ பிடித்து மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

4
கட்டு மாற்றிய நர்ஸிடம் மண்ணாங்கட்டி சொன்னார்: "இந்தப் பொண்ணு பூவரச எலையில கிருமிய கொன்னுக்கீது, தெரியுமா? என் காலு கிருமிம்மா!"

அந்தக் கிருமி ஏதோ தான் பெற்று வளர்த்த பிள்ளை என்பதுபோல. ஷாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நவ்ரீனின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாளை டாக்டர் பார்க்கிறார். நான் இன்றே எழுதுவதால் முடிவு என்னிடம் இல்லை. விரலைக் காப்பாற்றியும் முடிக்கலாம், எடுத்தும் முடிக்கலாம், உங்கள் இஷ்டம். நவ்ரீன் கையிலிருந்து பாட்டிலை மட்டும் பிடுங்கப் பார்க்காதீர்கள். முதல் வரைவில் நான் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். தரமாட்டாள்.